தீப்புண்ணும் நீரும்

தீயினால் உண்டாகும் புண் ஆறக்கூடியது என்பதை வள்ளுவர் எவரும் மறுக்கவியலாத உண்மையாக எடுத்துக்கொண்டார். சுடுசொல்லின் கொடுமையை அளந்து காட்டுவதற்கு அவருக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. தீப்புண் அந்த அளவுகோலாயிற்று. வகுப்பறைகளில் அக்குறளை நாம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். ஆயினும், தீப்புண் எவ்வாறு ஆறுகிறது, எவருக்கு ஆறுகிறது, எவருக்கு ஆறாமலே போகிறது என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவற்றுக்கு விடை தேடப் புகுவோமாயின் வைத்திய நூல்களோடு நின்றுவிட இயலாது. யுத்தகளங்களும் சமையற்கட்டுகளும் தொழிற்சாலைகளும் காப்புரிமைப் பத்திரங்களும் நம் முன்னே வந்து நிற்கும். மனிதன் தீயைக் கையாளக் கற்ற வரலாறு எவ்வளவு நீண்டதோ, தீயால் வெந்த உடலைக் கையாளக் கற்ற வரலாறும் அவ்வளவு நீண்டது. அவ்வரலாற்றின் அண்மைக் கட்டம் ஐதரோஜெல் எனப்படும் புண்கட்டு.

ஐதரோஜெல் என்பது யாது? பனை நுங்கை நினைத்துக் கொண்டால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நுங்கில் பெரும்பகுதி நீரே. ஆயினும் அந்நீர் ஓடி வடிந்துவிடுவதில்லை. உருவம் பெற்று, தொட்டால் குளிர்ந்து, அழுத்தினால் நெகிழ்ந்து நிற்கிறது. அதுபோலவே நீரை விரும்பும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைத்து வலைபோல ஆக்கினால், அவ்வலை தன் எடையைவிடப் பன்மடங்கு நீரைத் தன்னுள் நிறுத்தி வைத்துக்கொள்ளும். அந்த நீர்வலையை மெல்லிய தகடாக வார்த்துத் தீப்புண்ணின் மேல் இடுகிறார்கள். அது புண்ணைக் குளிர்விக்கிறது, நோவைத் தணிக்கிறது, கசியும் நீரை ஓரளவு உறிஞ்சுகிறது, உலர்ந்த இடத்துக்குத் தன் நீரைக் கொடுக்கிறது. கண்ணாடிபோல் தெளிவாயிருத்தலால், கட்டை அவிழ்க்காமலே புண்ணைப் பார்க்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, எடுக்கும்போது அது புண்ணோடு ஒட்டி வருவதில்லை. உலர்ந்த கோஸ் துணியைத் தீப்புண்ணிலிருந்து உரித்தெடுக்கும்போது எழும் ஓலத்தை ஒருமுறையேனும் கேட்டவர்கள் இந்தக் கடைசிக் குணத்தின் பெறுமதியை அறிவார்கள். துணியோடு சேர்ந்து உரிவது பழைய கழிவு மாத்திரமன்று. புதிதாக முளைத்த தோலும் அதனுடன் போய்விடுகிறது.

இத்துணை எளிய ஓர் உண்மையை, அதாவது வெந்த புண்ணுக்கு வேண்டியது ஈரம் என்பதை, மனித இனம் எப்போது அறிந்தது? அரைகுறையாக ஆதியிலேயே அறிந்திருந்தது; முழுமையாக அறிய 1962ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த அறிவு பலமுறை கைக்கு வந்து, பலமுறை கைநழுவிப் போயிற்று.

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்திய ஏபர்ஸ் ஏட்டில் தீப்புண்ணுக்கு மரப்பிசினும் ஆட்டுமயிரும் தாய்ப்பாலும் சேர்ந்த மருந்து மந்திரத்தோடு சொல்லப்பட்டிருக்கிறது. இந்தியாவின் சுசுருத சங்கிதை தீப்புண்ணை நால்வகையாகப் பிரித்து, நெய்யோடு சந்தனம், காவிக்கல் முதலியன குழைத்துப் பூசச் சொல்கிறது. புண்ணின் ஆழத்தை நோக்கி வைத்தியத்தை வேறுபடுத்திய இப்பாகுபாடு அக்காலத்துக்குப் பெரிய சாதனை. ஆனால் பழமை என்பதனாலேயே எல்லாவற்றையும் நாம் போற்றிவிடலாகாது. மேலாகப் பொசுங்கிய இடத்துக்குத் தண்ணீர் ஆகாது, அது குருதியை உறையச் செய்யும், ஆதலால் சூடே கொடுக்க வேண்டும் என்றும் அதே நூல் விதிக்கிறது. நெய்யால் ஈரம் காத்த அறிவும், நீரை விலக்கிய பிழையும் ஒரே ஏட்டில் அருகருகே இருந்தன. அனுபவத்தைப் பரிசோதனையால் சலித்தெடுக்கும் முறை தோன்றாத வரையில் இது தவிர்க்க முடியாததே.

அம்முறையின் முளையை நாம் 16ஆம் நூற்றாண்டின் பிரான்சிலே காண்கிறோம். அம்புறோஸ் பாரே (1510-1590) பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்ற வைத்தியரல்லர். சவரத் தொழிலோடு இணைந்திருந்த சத்திரசிகிச்சை வகுப்பைச் சேர்ந்தவர். நூல்களை இலத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியில் எழுதியமைக்காகக் கற்றோரின் ஏளனத்துக்கு ஆளானவர். துப்பாக்கிச் சன்னத்தால் உண்டான புண்ணில் வெடிமருந்தின் நஞ்சு கலந்திருக்கிறது, ஆகவே கொதிக்கும் எண்ணெயை வார்த்துச் சுட வேண்டும் என்பது அக்கால நூல்களின் விதி. 1530களில் இத்தாலியப் படையெடுப்பின்போது பாரேயிடம் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கருவையும் பன்னீர்ப்பூ எண்ணெயையும் தர்ப்பந்தைலத்தையும் குழைத்து மிகுதிப் படைவீரருக்கு இட்டார். இரவெல்லாம் அவருக்கு உறக்கமில்லை. விடியுமுன் சென்று பார்த்தபோது, கொதியெண்ணெய் வார்க்கப்பட்டவர்கள் காய்ச்சலும் வீக்கமுமாய்த் துடித்துக்கொண்டிருக்க, மற்றையோர் நோவு குறைந்து கிடந்தனர். அன்றுமுதல் அக்கொடுமையை அவர் கைவிட்டார்.

அவர் 1545இல் வெளியிட்ட நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்து வெந்துபோன சமையற்கட்டுப் பையன் ஒருவனுக்கு மருந்து வாங்கச் சென்றவிடத்தில், நாட்டுப்புறத்துக் கிழவி ஒருத்தி வெங்காயத்தை உப்போடு நசித்துப் போடும்படி சொன்னாள். பாரே அவள் சொல்லைத் தள்ளிவிடவில்லை, நம்பிவிடவும் இல்லை. சோதித்துப் பார்த்தார். பின்னர் வெடிமருந்து தீப்பற்றி முகம் வெந்த படைவீரன் ஒருவனின் முகத்தில் ஒரு பகுதிக்கு வெங்காயத்தையும் மறு பகுதிக்கு வழக்கமான மருந்தையும் இட்டு ஒப்பிட்டார். வெங்காயம் இட்ட பகுதியில் கொப்புளம் குறைவாயிருந்தது. வெங்காயம் இன்று மருந்தன்று. ஆனால் அவர் கையாண்ட ஒப்பீட்டு முறை இன்றும் மருந்துகளின் உரைகல்லாயிருக்கிறது. வெந்தவன் சமையற்காரச் சிறுவன். வழி சொன்னவள் பெயரறியாக் கிழவி. சோதித்தவர் சவரத் தொழிலாளர் வகுப்பில் வந்தவர். வரலாற்றின் பல திருப்பங்களில் அறிவு கீழிருந்தே மேலே சென்றிருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தீப்புண்ணை மூன்று படிகளாக வகுத்த வில்ஹெல்ம் பாப்ரியின் தனிநூல் 1607இல் வெளிவந்தது. ஆனால் அடுத்த பெரிய மாற்றத்துக்கு நீராவி இயந்திரத்தின் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கைத்தொழிற் புரட்சி கொதிகலன்களையும் உருக்கு உலைகளையும் வாயு விளக்குகளையும் தந்தது. வெந்த தொழிலாளரையும் தந்தது. 1867இல் லிஸ்டர் கார்பொலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுக்கலாம் எனக் காட்டிய பின்னர் சத்திரசிகிச்சை புதுயுகம் கண்டது. எனினும் அந்த நற்பேற்றோடு ஒரு தவறான எண்ணமும் வலுப்பெற்றது. ஈரம் கிருமிக்கு இருப்பிடம், ஆகவே புண்ணை உலர்த்துவதே முறை என்று வைத்திய உலகம் நம்பத் தொடங்கிற்று. உலர்ந்த துணி, உலர்ந்த பொருக்கு, உலர்ந்த காற்று என்பன நல்ல பராமரிப்பின் அடையாளங்களாயின.

இந்த உலர்த்தற் கொள்கையின் உச்சம் 1925இல் வந்தது. அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரிலுள்ள ஹென்றி போர்ட் வைத்தியசாலையில் எட்வேர்ட் டேவிட்சன் என்னும் வைத்தியர் தனின் அமிலத்தைத் தீப்புண்ணில் தெளிக்கும் முறையை அறிமுகம் செய்தார். தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களோடு இனமுடையது இது. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதனிடும் அதே இரசாயன வினையை உயிருள்ள மனிதரின் வெந்த தோலில் நிகழ்த்துவதே அம்முறை. புண்ணின் மேல் கடினமான கருந்தோல் படியும், நீர்க்கசிவு நிற்கும், நோவு குறையும். முதலிற் கிடைத்த பயன் மெய்யானதே. 1921இல் நியூ ஹேவன் நகரின் றியால்ற்றோ அரங்கில் மூண்ட தீயில் வெந்தவர்களை ஆராய்ந்த பிராங்க் அண்டர்ஹில் ஓர் உண்மையை நிறுவியிருந்தார். தீப்புண்ணால் இறப்போரிற் பலர் ஏதோ நஞ்சினால் இறப்பதில்லை. குருதியின் நீர்ப்பகுதி புண்வழியே வெளியேறுவதால் இறக்கிறார்கள் என்பதே அது. தோல் என்பது உடலைப் போர்த்திய அழகு மாத்திரமன்று, நீரை உள்ளே காக்கும் வரம்பு என்று அதன் பின்னர் தெளிவாயிற்று. தனின் அமிலம் அவ்வரம்பை முரட்டுத்தனமாகத் திரும்பக் கட்டிற்று.

அம்முரட்டு வரம்பின் விலையை இரண்டாம் உலக யுத்தம் வெளிப்படுத்தியது. 1940இல் பிரித்தானிய வான்வெளியில் நடந்த போரில் விமானம் தீப்பற்றி, முகமும் கைகளும் வெந்த இளம் விமானிகள் வைத்தியசாலைகளை நிறைத்தனர். தனின் அமிலப் பொருக்கு இறுகியபோது விரல்கள் மடங்கி விறைத்தன; இமைகள் சுருங்கிக் கண்கள் மூடாமற் போயின. உடலின் பெரும்பகுதியில் பூசியவிடத்து ஈரலும் கேடுற்றது. கிழக்குக் கிறின்ஸ்ரெட் ஊரின் வைத்தியசாலையில் பணியாற்றிய நியூசிலாந்தினரான ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ இதனைக் கடுமையாக எதிர்த்தார். கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் புண்கள் தரையில் விழுந்தோரின் புண்களிலும் நன்றாக ஆறுவதை அவர் கவனித்தார். அதன் பயனாக இளஞ்சூடான உப்புநீர்த் தொட்டியில் வெந்தவர்களை இருத்தும் முறையைக் கொண்டுவந்தார். நீர் திரும்பவும் தீப்புண்ணின் அருகே வந்தது. அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் 1941இல் தம்மைப் பரிசோதனைக்கு உட்பட்ட கினிப்பன்றிகள் எனக் கேலியாகக் குறிப்பிட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். யுத்தம் முடிந்தபோது அதில் 649 பேர் இருந்தனர்.

யுத்தம் வைத்தியத்தை வளர்த்தது என்று பலர் எழுதியிருக்கின்றனர். அவ்வாக்கியத்தின் மறுபாதியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1942 நவம்பர் 28ஆம் திகதி கோக்கனற் குறோவ் என்னும் இரவு விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அங்குள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் தனின் அமிலத்தையும் சாயங்களையும் கைவிட்டு, மென்மையான வசிலின் தடவிய கோஸ் துணியால் புண்களை மூடினர். நாளங்கள் வழியே நீர்மம் ஏற்றினர். தீப்புண் வைத்தியத்தின் வரலாற்றில் அது ஒரு மைல்கல். ஆனால் அதே 1942ஆம் ஆண்டில், அதே நகரையொட்டிய ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், லூயி பீஸர் என்னும் இரசாயனப் பேராசிரியரின் குழு நேபாம் குண்டை உருவாக்கிற்று. பல்கலைக்கழக விளையாட்டு மைதானத்தில் யூலை 4ஆம் திகதி அதனைப் பரீட்சித்தும் பார்த்தனர். நேபாமும் ஒரு ஜெல்லே. பெற்றோலை ஓடவிடாமல் தடிக்கச் செய்து, பட்ட இடத்தில் ஒட்டி எரியுமாறு ஆக்கிய பொருள் அது. 1945 மார்ச் 9ஆம் திகதி இரவு தோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் இத்தகைய தீக்குண்டுகளால் மாண்டனர். பின்னர் கொரியாவும் வியற்நாமும் அத்தீயை அறிந்தன. தீப்புண்ணை ஆற்றும் ஆய்வுக்கும் தீப்புண்ணை விளைக்கும் ஆய்வுக்கும் பணம் வந்தது ஒரே யுத்தச் செலவிலிருந்துதான். விஞ்ஞானம் எவர் கையில், எந்த நோக்கத்துக்கு என்னும் வினாவை இதைவிடக் கூர்மையாக எழுப்பும் சான்று வேறு வேண்டுமா?

ஈரத்தின் உண்மை இறுதியாக ஐயந்திரிபற நிறுவப்பட்டது 1962இல். லண்டனில் ஆய்வு செய்த ஜோர்ஜ் விண்ரர் பன்றிக்குட்டிகளின் தோலில் மேலோட்டமான புண்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். சிலவற்றை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடினார். மூடி ஈரமாக வைத்த புண்களில் புதிய மேற்றோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாக வளர்ந்தது. காரணத்தையும் அவர் விளக்கினார். புண்ணின் ஓரத்திலிருந்து தோற்கலங்கள் ஊர்ந்து சென்றே புண்ணை மூடுகின்றன. பொருக்குக் கட்டிய புண்ணில் அவை வறண்ட படைக்குக் கீழே ஈரத்தைத் தேடி ஆழமாகத் துளைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஈரமான புண்ணிலோ தடையின்றி மேலாகவே ஊர்ந்து செல்கின்றன. புண்ணின் பாதுகாப்பு எனப் பல நூற்றாண்டுகள் கருதப்பட்ட பொருக்கு, உண்மையில் ஆறுதலுக்குத் தடையாயிருந்தது. மறு ஆண்டு மனிதரிடத்தும் இவ்வுண்மை உறுதியாயிற்று.

ஈரத்தைக் காக்க வேண்டும் என்று அறிந்தபின், ஈரத்தைக் காக்கும் பொருள் வேண்டும். அப்பொருள் வேறொரு திசையில் ஏற்கெனவே பிறந்திருந்தது. செக்கோசிலோவாக்கியாவில் ஒற்றோ விக்தெர்லேயும் திரகோஸ்லாவ் லீமும் உயிருடலுக்கு இசைவான, நீரை ஏற்கும் பல்பகுதியத்தைப் பற்றிய கட்டுரையை 1960இல் வெளியிட்டனர். ஐதரோஜெல் வைத்தியத்தின் பிறப்புப் பத்திரம் என்று அதனைக் கூறலாம். விக்தெர்லேயின் வாழ்வு ஆராயத்தக்கது. நாஸிகளின் ஆட்சியில் கெஸ்ராப்போ அவரைச் சிறையிட்டது. யுத்தத்தின் பின், சோஷலிசம் எனத் தன்னை அழைத்துக்கொண்ட அரசு 1958இல் அவரைப் பிராக் இரசாயன உயர்கல்லூரியிலிருந்து நீக்கியது. 1968இன் பிராக் வசந்தத்தை ஆதரித்தமைக்காகப் பின்னரும் பதவி பறித்தது. 1961இன் நத்தார் நாட்களில், தம் வீட்டு மேசையில், பிள்ளைகள் விளையாடும் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு அமைத்த சிறு பொறியில் அவர் முதல் மென்மையான கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். காப்புரிமையை அரசு அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. 1971இல் அமெரிக்க அனுமதி கிடைத்ததும் அவ்வில்லைகள் உலகப் பெருவணிகமாயின; கண்டறிந்தவருக்குக் கிடைத்தது மிகச் சிறு பங்கே. சிந்தனையாளனை அடக்கும் அதிகாரவர்க்கமும், சிந்தனையை விலைகொள்ளும் மூலதனமும் ஒருவரோடொருவர் வியாபாரம் செய்துகொள்ளத் தயங்கவில்லை என்பதை முற்போக்காளராகிய நாம் மறைத்தல் தகாது.

கண்வில்லையிலிருந்து புண்கட்டுக்கு வந்த பாதையில் போலந்தின் வூட்ஜ் நகரம் சிறப்பிடம் பெறுகிறது. ஆலைத் தொழிலாளரின் நகரம் அது; 1905இல் சார் மன்னனின் ஆட்சிக்கெதிராகத் தொழிலாளர் தடையரண் அமைத்துப் போராடிய மண். அந்நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யானுஷ் றோசியாக்கும் அவரது துணைவரும் 1980களில் எளிமையான ஒரு செய்முறையைக் கண்டனர். நீரிலே பொலிவைனைல் பைறோலிடோன் என்னும் பல்பகுதியத்தையும், பொலிஎதிலீன் கிளைக்கோலையும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரையும் கரைக்க வேண்டும். அக்கரைசலை அச்சில் வார்த்து, உறையிலிட்டு மூடி, உறையோடு இலத்திரன் கற்றையின் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும். கதிர்வீச்சு ஒரே வேளையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்து ஜெல்லை உறுதியாக்குகிறது, உள்ளிருக்கும் கிருமிகளையும் அழிக்கிறது. கிடைக்கும் தகட்டில் 90 சதவீதத்துக்கு மேல் நீரே. 1992இல் இது விற்பனைக்கு வந்தது. சர்வதேச அணுசக்தி முகவரகம் வாயிலாக இம்முறை வளர்முக நாடுகள் பலவற்றுக்குக் கற்பிக்கப்பட்டது. மும்பாயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் காமாக் கதிரைக் கொண்டு தீப்புண்ணுக்கான ஐதரோஜெல்லை உருவாக்கிற்று.

மேற்சொன்ன பைறோலிடோன் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது 1939இல் ஜேர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தில் வால்ற்றர் றெப்பே உருவாக்கியது. யுத்தகாலத்தில் காயமுற்றோரின் குருதி நீருக்கு ஈடாக ஏற்றப்பட்டது. அதே நிறுவனம் அவுஷ்விற்ஸ் முகாமின் கைதிகளை அடிமைகளாக்கி வேலை வாங்கியது. பொருளுக்குக் குற்றமில்லை. அப்பொருளை ஆளும் உறவுகளே அதன் பெயருக்குக் களங்கமோ பெருமையோ தேடித் தருகின்றன.

ஐதரோஜெல்லை ஒரு சர்வரோக நிவாரணியாக நாம் எடுத்துரைக்க வரவில்லை. மேலாகவும் ஓரளவு ஆழமாகவும் வெந்த புண்களுக்கே அது ஏற்றது. தோலின் முழுத் தடிப்பும் வெந்துவிட்டால் எந்தக் கட்டும் அதனை ஆற்றாது. வெந்த தோலை விரைவில் அகற்றி வேறிடத்துத் தோலை ஒட்ட வேண்டும். யூகோசிலாவியாவின் மரிபோர் நகரில் சோறா யான்செகோவிச் என்னும் பெண் சத்திரசிகிச்சையாளர் வளர்த்து 1970இல் வெளியிட்ட முறை அதற்கு வழிகாட்டிற்று. உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு ஈரமான கட்டுகளால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. 2013இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஐதரோஜெல் இட்ட தீப்புண்கள் வழக்கமான பராமரிப்புப் பெற்றவற்றைவிட விரைவாக ஆறின என்றும், 1968இல் அறிமுகமாகி உலகெங்கும் பழக்கத்துக்கு வந்த வெள்ளி சல்பாடயசின் களிம்பு ஆறுதலில் பின்தங்கியே நிற்கிறது என்றும் கூறுகிறது. ஆயினும் பரிசோதனைகள் சிறியன, தரத்தில் குறையுடையன என்பதையும் அது மறைக்கவில்லை.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுள் இரண்டாவதற்கு வருவோம். எவருக்கு ஆறுகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி தீப்புண்ணால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் இறக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலார் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மாத்திரம் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமாகவோ கடுமையாகவோ வேகின்றனர். தீ சாதி பார்ப்பதில்லை, வர்க்கம் பார்ப்பதில்லை என்று சொல்வது கேட்க இனிதாயிருக்கலாம். கணக்கு அதனை ஏற்கவில்லை. நிலத்தில் வைத்த அடுப்பு, காற்றோட்டமற்ற குடிசை, மண்ணெண்ணெய் விளக்கு, லயத்து அறை, பாதுகாப்பற்ற கொதிகலன் ஆகியவை இருக்குமிடத்தைத் தீ நன்கு அறிந்திருக்கிறது. அடுப்படியிலே நாளின் பெரும்பொழுதைக் கழிக்கும்படி விதிக்கப்பட்ட பெண்ணையும் அவள் காலைச் சுற்றித் தவழும் குழந்தையையும் அது முதலில் பற்றுகிறது.

நமது நாட்டின் அனுபவமே இதற்குச் சான்று. மின்சாரம் எட்டாத வீடுகளில் வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கே ஒளி தந்தது. ஒடுங்கி உயர்ந்த போத்தல் எளிதிற் கவிழும், எண்ணெய் சிந்தும், சீலை பற்றும். சத்திரசிகிச்சை நிபுணரான விஜய கொடகும்புர இவ்வாறு வெந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். புண்ணுக்கு மருந்து கட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. புண்ணின் காரணத்தைத் தேடிச் சென்றார். குள்ளமான, தடித்த கண்ணாடியாலான, உருளாதபடி பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுள்ள சுதீப விளக்கை 1990களில் உருவாக்கிப் பரப்பினார். மார்மைற் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியது. 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. வடக்கிலோ, 1990இன் பின் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் சேர்ந்த ஆண்டுகளில், ஜாம் போத்தலில் ஏற்றிய சிறு சுடரின் முன் ஒரு தலைமுறையே பாடம் படித்தது. அந்த ஒளியில் படித்தவர்களே இன்று வகுப்பறைகளில் கற்பிக்கின்றனர்.

வெந்தவர் ஏழை, ஐதரோஜெல் விலைப்பொருள். இந்த முரண்பாட்டைக் கண்ட வைத்தியர்கள் ஏழைகளுக்கு எட்டும் ஈரத்தைத் தேடினர். 1985இல் பம்பாயில் கேஸ்வானி என்னும் வைத்தியர் அவித்த உருளைக்கிழங்குத் தோலைக் கோஸ் துணியில் பரப்பித் தீப்புண்ணுக்குக் கட்டிய அனுபவத்தை வெளியிட்டார். அந்நகரத்திலேயே பின்னர் வாழை இலையை நீராவியால் கிருமி நீக்கி உருளைக்கிழங்குத் தோலோடு ஒப்பிட்டனர். 2003இல் வெளியான முடிவு, இரண்டும் ஒத்த பயன் தருவன, வாழை இலையோ மிக மலிவானது என்பதாகும். வெந்தவரை வாழை இலையில் கிடத்தும் வழக்கம் நமது கிராமங்களுக்குப் புதியதன்று. பாரேக்கு வெங்காயம் சொன்ன கிழவியைப்போல நமது கிழவிகளும் ஏதோ ஒன்றை அறிந்திருந்தனர். ஆனால் கிருமி நீக்காத இலையும், சோதிக்கப்படாத பச்சிலையும், பற்பசையும் இன்றும் பல புண்களைப் பழுதாக்குகின்றன. மக்களின் அறிவைப் போற்றுவது என்பது அதனைச் சோதித்துத் தூய்மையாக்கி அவர்களுக்கே திருப்பித் தருவதாகும்; அப்படியே வைத்து வணங்குவதன்று. அதே வேளையில், பணக்காரருக்கு ஐதரோஜெல், ஏழைக்கு வாழை இலை என்று நிரந்தரமாக வகுத்துவிடுவதும் நியாயமாகாது.

ஏனெனில் ஐதரோஜெல்லில் விலையுயர்ந்த பொருள் எதுவுமில்லை. பத்தில் ஒன்பது பங்கு நீர். மிகுதி, தொழிற்சாலைகளில் பெருமளவில் உற்பத்தியாகும் பல்பகுதியங்களும் கடற்பாசியும். நமது நாட்டிலும் பியகமையில் 2014 முதல் காமாக் கதிர் நிலையம் ஒன்று இயங்குகிறது. வைத்தியப் பொருள்களின் கிருமிகளை அழிப்பது அதன் பணிகளுள் ஒன்று. தீப்புண்ணுக்கான நீர்த்தகடு இறக்குமதிப் பெட்டியில் டொலர் விலையோடுதான் வரவேண்டும் என்பதற்கு இயற்கையில் எவ்விதக் காரணமும் இல்லை. காரணம் எதுவும் இருப்பின் அது சமுதாய அமைப்பிலேதான் இருக்கிறது. ஓர் அரசு தன் மக்களின் தோலுக்கு எவ்வளவு பெறுமதி கொடுக்கிறது என்பதை அரச வைத்தியசாலையின் மருந்துப் பட்டியல் சொல்லிவிடும். அப்பட்டியலைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும், அதில் இல்லாததை ஏன் இல்லை என வினவும் உரிமையும் நமக்கு உண்டு.

அதுவரையில் ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நாம் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அதற்குச் செலவு எதுவுமில்லை. தீச்சுட்ட இடத்தில் உடனடியாக ஓடும் குளிர்நீரை இருபது நிமிடம் விட வேண்டும். பனிக்கட்டி ஆகாது, பற்பசை ஆகாது, எண்ணெய் ஆகாது. பின்னர் தூய துணியால் மூடி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். சுசுருத சங்கிதை முதல் வூட்ஜ் நகரத்து ஆய்வுகூடம் வரை நீண்ட வரலாறு நமக்குத் தந்திருக்கும் முதற் பாடம் இதுவே. தீப்புண்ணைப் பற்றிய குறளை அடுத்தமுறை கற்பிக்கும்போது, இந்த இருபது நிமிடத்தையும் சேர்த்துக் கற்பிப்போம். நீர்க்குழாய் இல்லாத வீட்டுப் பிள்ளை, அவ்வளவு நேரம் தண்ணீருக்கு எங்கே போவது என்று வகுப்பில் எழுந்து கேட்கக்கூடும். அவ்வினாவைத் தட்டிக்கழிக்காமல் கிராமச் சங்கத்துக்கும் பிரதேச சபைக்கும் எடுத்துச் செல்வதும் நமது கடமையே.